கணினித் துறையில் முடி நரைத்தவர்கள் ‘உண்மையான’ செயற்கை நுண்ணறிவை ஏன் ஐயுறுகிறோம்?

#1 துளையட்டை

1979-இல் துளையட்டைகளோடு (நிரலைத் துளைகளாகக் கணினிக்கு ஊட்டிய அட்டைகள்) இத்தொழிலுக்குள் வந்து, சென்ற ஆண்டு ஓய்வு பெற்றவன் நான். பணியின் கடைசி வாரத்தில், என் மகளைவிட வயதில் இளையவரான ஒரு சக பணியாளர், “ஐயா, உங்கள் தலைமுறையினர் மட்டும் செயற்கை நுண்ணறிவு என்றாலே ஏன் முகம் சுளிக்கிறீர்கள்? வேலை போய்விடும் என்ற அச்சம்கூட இனி உங்களுக்கு இல்லையே?” என்று கேட்டார். அன்று ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். கேள்வி நியாயமானது என்பதால் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஐயத்தில் ஒரு பங்கு வெறும் சலிப்பு. இனி நிரலாளரே தேவையில்லை என்ற அறிவிப்பைப் பலமுறை கேட்டுப் பழகிய காதுகள் இவை. 1981-இல் ‘தி லாஸ்ட் ஒன்’ என்ற பெயரில் ஒரு மென்பொருள் விற்பனைக்கு வந்தது. திரையில் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் ‘பேசிக்’ என்ற கணினி மொழியில் நிரலை அதுவே எழுதித் தந்துவிடும், ஆகவே மனிதர் எழுத வேண்டிய கடைசி நிரல் இதுதான் என்பது அந்தப் பெயரின் பொருள். அதன்பின் நான்காம் தலைமுறை மொழிகள் வந்தன. படம் வரைந்தால் நிரலாகும் என்ற கருவிகள் வந்தன. ஒவ்வொன்றும் எங்கள் வேலையில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது உண்மை. எடுத்துக்கொண்ட இடத்தில் அதைவிடச் சிக்கலான வேறொரு வேலை வந்து உட்கார்ந்ததும் உண்மை.

என் ஐயத்தின் மறு பங்கு ஒரு சிறிய நிகழ்ச்சியிலிருந்து வந்தது. ஓய்வூதிய நிதியொன்றின் கணக்குகளைக் கவனிக்கும், கோபோல் என்ற பழைய கணினி மொழியில் எழுதிய நிரல் எங்களிடம் இருந்தது. ஆண்டிறுதியில் ஒவ்வொருவருடைய கணக்கையும் அவர் பணியில் சேர்ந்த நாளிலிருந்து மீண்டும் போட்டுப் பார்ப்பது அதன் வேலை. அதற்குள் ஓரிடத்தில், பிரிவு எண் 37 ஆக இருந்து ஆண்டு 1988-க்கு முற்பட்டதாகவும் இருந்தால், பெருக்கிய பின் முழுமையாக்குவதற்கு (பின்னத்தை முழு எண்ணாக்குவதற்கு) பதிலாகப் பெருக்குவதற்கு முன்பே முழுமையாக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை உண்டு. மேலே “மாற்ற வேண்டாம்” என்று ஒரே ஒரு குறிப்பு. அலுவலகத்தில் அனுமதிக்கப்பட்டிருந்த மொழி மாதிரியிடம் (கேட்டதற்கு எழுத்தில் பதில் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவி) இந்த நிரலைக் கொடுத்து விளக்கச் சொன்னேன். அந்தப் பிரிவுக்கு மட்டும் பொருந்திய ஏதோ சட்டவிதி 1988-இல் திருத்தப்பட்டிருக்க வேண்டும் என்றும், இன்று அந்த நிபந்தனை வழக்கொழிந்தது என்றும் இரண்டு பத்தி எழுதிற்று. நடை கச்சிதம், சேதி கற்பனை. நடந்தது வேறு. அந்தப் பிரிவில் கணக்கைக் கையால் எழுதிவந்த எழுத்தர் ஒவ்வொரு மாதமும் முதலில் முழுமையாக்கிவிட்டுத்தான் பெருக்குவார். கணினிக்கு மாற்றியபோது, ஏற்கெனவே அச்சிட்டு உறுப்பினர் கையில் கொடுத்திருந்த தொகையோடு சில்லறை வேறுபாடு வந்தது. கொடுத்த தொகையை மாற்ற முடியாதென்று, நிரலை வளைத்தோம். இது எந்தக் கோப்பிலும் இல்லை. என் தலையிலும், இப்போது உயிரோடு இல்லாத ஒரு நண்பரின் தலையிலும் மட்டுமே இருந்தது.

அந்தக் கருவிக்கு இது தெரியாமல் போனதில் எனக்குக் குறையில்லை. நேற்றுச் சேர்ந்த பணியாளருக்கும் தெரியாதுதான். ஆனால் நேற்றுச் சேர்ந்தவர் என் மேசைக்கு வந்து, “ஐயா, இந்த 37 என்ன?” என்று கேட்டிருப்பார். தனக்கு எது தெரியாது என்பது தெரிவதைத்தான் நான் அறிவின் தொடக்கமாகக் கருதுகிறேன்.

#2 நரம்புவலை

ஐயாவுக்கு வணக்கம். நான் நரம்பு வலைப்பின்னல்களில், அதாவது எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்கும் கணினி அமைப்புகளில், ஆய்வு செய்பவன். நீங்கள் பணியில் சேர்ந்தபோது பிறந்திருக்கவில்லை. தங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆயினும் மறுக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. எது அறிவு என்பதற்கு நாம் வரையும் எல்லைக்கோடு நகர்ந்துகொண்டே போகிறது. இத்துறையின் முன்னோடிகளில் ஒருவரான ஹெர்பர்ட் சைமன் 1957-இல், பத்தாண்டுகளுக்குள் கணினி சதுரங்க உலக வாகையராகும் என்றார். பலித்தது முப்பது ஆண்டு பிந்தி. 1997 மே மாதம் ஐபிஎம் நிறுவனத்தின் டீப் புளூ கணினி, உலக வாகையர் காஸ்பரோவை மூன்றரைக்கு இரண்டரை என்ற கணக்கில் வென்றது. அதுவரை சதுரங்கம் அறிவின் உரைகல்லாக இருந்தது. வென்ற மறுநாளே, “நொடிக்கு இருபது கோடி நிலைகளைத் துழாவுவது அறிவாகுமா?” என்றார்கள். இதுவரை செய்யப்படாதது எதுவோ அதற்குத்தான் செயற்கை நுண்ணறிவு என்று பெயர் என கணினி அறிஞர் லாரி டெஸ்லரின் பெயரால் ஒரு கேலி வழங்குகிறது. அது கேலியாக மட்டும் இல்லை.

உங்கள் 37-க்கு எதிராக நானும் ஒரு 37 சொல்கிறேன். 2016 மார்ச்சில், ‘கோ’ என்ற பலகை விளையாட்டை ஆடும் ஆல்ஃபாகோ என்ற நிரல், அவ்விளையாட்டின் பெரும் வல்லுநர் லீ சேடோலுடன் ஆடிய இரண்டாம் ஆட்டத்தின் 37-ஆவது நகர்வு. அந்த இடத்தில் மனிதர் ஒருவர் காய் வைக்கும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று என்று அந்த அமைப்பே கணித்திருந்தது, தெரிந்தும் வைத்தது. நேர்முக விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த வல்லுநர்கள் முதலில் கை பிசகிவிட்டது என்றே எண்ணினார்கள். அந்த நகர்வை எந்த நிரலாளரும் எழுதி வைக்கவில்லை. தாங்கள் பழகிய கணினி, சொன்னதை மட்டும் செய்யும் கணினி. கோடிக்கணக்கான எடுத்துக்காட்டுகளிலிருந்து தானே எடைகளை (தன் உள்ளே உள்ள எண்களை) திருத்திக்கொள்ளும் அமைப்பை அதே கண்ணாடி வழியே பார்த்தால், தெரிய வேண்டியது தெரியாமல் போகும்.

#3 விதிக்கோவை

இருவருக்கும் நடுவில் நான் நுழைகிறேன். எண்பதுகளில் என் பதவியின் பெயர் ‘அறிவுப் பொறியாளர்’. இன்று சொன்னால் நகைப்பாக இருக்கிறது; அன்று முகவரி அட்டையில் பெருமையாக அச்சிட்டுக்கொண்டோம். வல்லுநர் ஒருவரின் எதிரே உட்கார்ந்து, அவர் அறிந்ததையெல்லாம் ‘இது இருந்தால் அது’ என்ற விதிகளாக வாங்கி எழுதுவது வேலை. ஸ்டான்ஃபோர்டில் உருவான மைசின், சில நூறு விதிகளைக் கொண்டே இரத்தத்தில் தொற்றும் கிருமிகளுக்கு மருந்து பரிந்துரைத்தது. மதிப்பீட்டில் துறை வல்லுநர்களுக்கு ஈடாகவும் தேறியது. ஆயினும் நோயாளிகளுக்கான அன்றாடப் பயன்பாட்டுக்கு அது போகவே இல்லை.

எனக்கு வாய்த்தது ஒரு பெரிய காற்றழுத்த இயந்திரத்தின் பழுதறியும் அமைப்பு. அதன் வல்லுநர் முப்பது ஆண்டுகளாக அந்த இயந்திரத்தோடு வாழ்ந்தவர். “தாங்கி தேய்ந்துவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?” என்று கேட்டால், எழுந்து போய் உறையின் மீது உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, “இதோ, இப்படி” என்பார். உள்ளங்கையை நான் எந்த விதியில் எழுதுவது? அதிர்வு, வெப்பம், எண்ணெயின் நிறம் என்று பிரித்துப் பிரித்து நானூறு விதிகள் எழுதினேன். நானூற்றொன்றாவது விதியைச் சேர்த்தபோது, அதுவரை சரியாகச் சொல்லிவந்த மூன்று பழுதுகளைத் தவறாகச் சொல்லத் தொடங்கியது. ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று சாய்ந்தது. தான் அறிந்த வட்டத்துக்குள் மேதையாகவும், ஒரு விரற்கடை வெளியே போனால் முழு மூடனாகவும் நடந்துகொண்ட அமைப்பு அது. எண்பதுகளின் இறுதியில், இத்தகைய அமைப்புகளுக்கென விற்கப்பட்ட லிஸ்ப் இயந்திரங்களின் சந்தை சரிந்தது, முதலீடு வற்றியது, என் பதவிப் பெயரும் போயிற்று.

ஆகவே துளையட்டை ஐயாவின் சலிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அடுத்ததையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இராது. அந்த நாள்களில் நரம்பு வலைப்பின்னல் என்றவர்களைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். தொடக்ககால நரம்பு வலையான பெர்செப்ட்ரானின் வரம்புகளை மின்ஸ்கியும் பேப்பர்ட்டும் 1969-இலேயே நிறுவிவிட்டார்கள், கதை முடிந்தது என்று இருந்துவிட்டோம். அவர்கள் நிறுவியது ஒற்றை அடுக்கு வலையின் வரம்பை. 1986-இல் ரூமல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் ஆகியோர் பல அடுக்கு வலைகளைப் பயிற்றும் முறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டபோதும் நான் அதைப் படிக்கவில்லை. 2012-இல் படங்களை இனங்காணும் போட்டியில் அலெக்ஸ்நெட் என்ற நரம்பு வலை மற்றவற்றை வெகு தொலைவில் விட்டுச் சென்றபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன். நான் எழுத முடியாமல் போன உள்ளங்கையை இவர்கள் எழுதாமலேயே எண்களாக்கிவிட்டார்கள். மூத்தவர்களின் ஐயம் எப்போதும் ஞானமாக இருப்பதில்லை. நான் ஐயப்பட்ட விஷயத்தில் தவறினேன். நம்பிய விஷயத்திலும் தவறினேன்.

#4 இரவுப்பணி

தத்துவத்துக்கு நான் புதியவன். இருபத்திரண்டு ஆண்டுகளாக மெயின்ஃபிரேம் என்னும் பெருங்கணினியில் இரவு ஓட்டங்களை, அதாவது இரவில் மொத்தமாக ஓடும் நிரல்களை, காவல் காக்கிறேன். அண்மையில் நடந்ததைச் சொல்கிறேன், முடிவை நீங்கள் செய்துகொள்ளுங்கள்.

விடியற்காலை இரண்டேகாலுக்கு ஓட்டம் எஸ்-ஜீரோ-சி-செவன் என்று நின்றது. பழகியவர்களுக்குத் தெரியும்: எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் அல்லாதது இருக்கிறது என்று பொருள். டம்ப்பை (நின்ற கணத்தில் நினைவகத்தில் இருந்ததன் நகல்) எடுத்து மொழி மாதிரியிடம் கொடுத்தேன். தொகைக்கான மூன்று பைட்டுகளில் 40 40 40 இருக்கிறது, மெயின்ஃபிரேமின் எழுத்துக் குறியீடான எப்சிடிக்கில் 40 என்பது வெற்றிடம், சுருக்கிய பதின்ம எண்ணின் கடைசி அரைப் பைட்டில் கூட்டலுக்கோ கழித்தலுக்கோ உரிய குறி இருக்க வேண்டும், அங்கே 0 இருப்பதால் வன்பொருள் கணக்கிட மறுத்துவிட்டது என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டது. அத்தனையும் சரி. இளவயதில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆகும். அடுத்து, கூட்டுவதற்கு முன் எண்தானா என்று சோதித்து, இல்லையென்றால் அந்தப் பதிவைத் தாண்டிச் செல்லுமாறு நிரலைத் திருத்தியும் கொடுத்தது.

அதைப் போட்டிருந்தால் ஓட்டம் பச்சை விளக்கோடு முடிந்திருக்கும். எத்தனையோ பேருடைய தொகை கூட்டலில் சேராமலும் போயிருக்கும். கோப்பை அனுப்பும் பக்கத்தில் பெயருக்கான இடத்தை மூன்று பைட் நீட்டியிருந்தார்கள். பின்னால் உள்ளவை எல்லாம் மூன்று இடம் தள்ளிப்போய், பெயரின் வால் வெற்றிடங்கள் தொகையின் இடத்தில் விழுந்திருந்தன. அது எனக்கு எப்படித் தோன்றியது என்றால், முந்தைய நாள் பிற்பகல் அந்தக் குழுவைச் சேர்ந்த ஒருவர் நீளமான பெயர்களைப் பற்றிப் பேச்சுவாக்கில் புலம்பிக்கொண்டிருந்தார். அந்தப் புலம்பல் எந்த டம்ப்பிலும் இல்லை.

கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாமல் இனி இரவுப்பணி பார்க்க மாட்டேன்.

#5 சோதனைப்பிரிவு

மென்பொருள் சோதனையில் முப்பத்தோராவது ஆண்டில் இருக்கிறேன். தலைப்பில் உள்ள ‘உண்மையான’ என்ற சொல்லைத்தான் முதலில் சோதிக்க விரும்புகிறேன், ஏனென்றால் எதிர்பார்க்கும் விளைவு எழுதப்படாத சோதனையை நாங்கள் சோதனை என்றே ஏற்பதில்லை. ‘இயந்திரத்தால் சிந்திக்க முடியுமா’ என்ற கேள்வியின் இந்தக் குழப்பத்தைக் கண்டுதான் கணித அறிஞர் ஆலன் ட்யூரிங் 1950-இல் அந்தக் கேள்வியையே ஒதுக்கிவிட்டு, உரையாடலில் மனிதர் என்று நம்பவைக்க முடிகிறதா என்ற ஆட்டத்தை வைத்தார். சுமார் ஐம்பது ஆண்டுகளில், ஐந்து நிமிடக் கேள்விகளுக்குப் பின் சராசரி மனிதர் சரியாக இனங்காணும் வாய்ப்பு எழுபது விழுக்காட்டுக்கு மேல் இராது என்று எண்ணிக்கையோடும் சொன்னார். சோதனையாளராக அவருக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். ஆனால் அந்தச் சோதனை அளப்பது இயந்திரத்தையா, எதிரே உட்கார்ந்திருக்கும் நம்மையா?

1966-இல் கணினி அறிஞர் ஜோசஃப் வைசன்பாம் எலைசா என்ற நிரலை வெளியிட்டார். நீங்கள் தட்டச்சிடும் வாக்கியத்தில் ஒரு சொல்லைப் பிடித்து, ‘நான்’ என்பதை ‘நீங்கள்’ என்று திருப்பிப்போட்டு, உங்களையே கேள்வி கேட்பதுதான் அதன் வித்தை. அது உருவாவதைப் பல மாதங்களாகப் பக்கத்திலிருந்து பார்த்துவந்த அவருடைய செயலாளரே, சிறிது நேரம் அதனோடு உரையாடியபின், தங்களைத் தனியே விடும்படி அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம். வைசன்பாம் அதிர்ந்துபோய், பிற்காலத்தில் இத்துறையின் கடும் விமர்சகரானார். எலைசாவுக்கும் இன்றைய மாதிரிகளுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்குமான தூரம். அந்தச் செயலாளருக்கும் நமக்கும் இடையே அவ்வளவு தூரம் இல்லை.

இன்றைய மாதிரி செய்வதைச் சுருக்கமாகச் சொன்னால், இதுவரை வந்த சொல்துண்டுகளைக் கொண்டு அடுத்த துண்டுக்கான வாய்ப்புகளைக் கணக்கிட்டு ஒன்றைத் தேர்கிறது. தேர்வில் தற்செயலும் கலந்திருப்பதால் ஒரே கேள்விக்கு இருமுறை இருவேறு பதில்கள் வரக்கூடும். இதை ‘வெறும்’ என்ற சொல்லால் தட்டிக்கழிக்கக் கூடாது, அடுத்த சொல்லைச் சரியாகக் கணிக்க உலகைப் பற்றி நிறையவே பிடிபட்டிருக்க வேண்டும். எனக்கு உறுத்துவது வேறு. இல்லாத மென்பொருள் தொகுப்பொன்றின் பெயரை, இருக்கும் பெயரைச் சொல்லும் அதே குரலில் சொல்கிறது. மனிதர்களிடம் ஐயம் குரலில் தெரியும். இழுப்பார்கள், “பார்த்துச் சொல்கிறேனே” என்பார்கள். முப்பத்தொரு ஆண்டில் நான் கண்டெடுத்த பிழைகளில் பாதி, அந்த இழுப்பைக் கேட்டு அந்த இடத்தைத் தோண்டியதால் கிடைத்தவை. இழுப்பே இல்லாத குரலை எங்கே தோண்டுவது?

#6 நரம்புவலை

சோதனைப்பிரிவு அம்மா சொன்ன குரல் பற்றிய கருத்து என்னைச் சிந்திக்க வைத்தது. மாதிரியின் உள்ளே உறுதியின் அளவு எண்களாக இருக்கத்தான் செய்கிறது, வெளியே வரும் நடையில் அது தெரியவில்லை என்பதே சிக்கல். இதில் ஆய்வுகள் நடந்துவருகின்றன. ஆனால் துளையட்டை ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் ‘விளக்கு’ என்றீர்கள், அது விளக்கியது. ‘புரியாததைக் கேள்’ என்று சொல்லிப் பார்த்தீர்களா? எய்தவன் இருக்க அம்பை நோகலாமா?

#7 துளையட்டை

சொல்லிப் பார்த்தேன், தம்பி. பழைய நிரல் என் கையில் இல்லை, இருக்கவும் கூடாது. அதன் வடிவத்தை நினைவிலிருந்து, பெயர்களை மாற்றி, இருநூறு வரியில் எழுதி, “விளக்குவதற்கு முன் உனக்குத் தெளிவில்லாததை என்னிடம் கேள்” என்றேன். பதினொரு கேள்விகள் கேட்டது. ஏழாவது கேள்வி, “பிரிவு 37-க்கு மட்டும் தனி முறை ஏன்?” என்பது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்பதை மறைக்கவில்லை. #1-இல் நான் எழுதியதை அந்த அளவுக்குத் திருத்திக்கொள்கிறேன்.

ஆயினும் மற்றப் பத்துக் கேள்விகளையும் பாருங்கள். நிரலில் மதிப்பைத் தாங்கும் ‘மாறி’ ஒன்றின் பெயர் ஏன் சுருக்கமாக இருக்கிறது, அறிக்கையின் தலைப்பு ஏன் நடுவில் இல்லை என்பன போன்றவை அவை. பதினொன்றும் ஒரே எடையில் வந்தன. எந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு முதியவரின் மாதாந்திரத் தொகை நிற்கிறது, எதற்குப் பின்னால் அழகு மட்டும் நிற்கிறது என்ற வேறுபாடு அதற்கு இல்லை. புதிதாகச் சேர்ந்தவரும் முதல் வாரத்தில் இப்படித்தான் கேட்பார் என்பீர்கள். உண்மை. மூன்றாம் வாரத்தில் கேட்க மாட்டார். ஒருமுறை தவறான தொகை அச்சாகி, அதை வாங்கியவர் தொலைபேசியில் அழும் குரலைக் கேட்டபின், முழுமையாக்கும் வரியைக் கண்டாலே அவர் விரல் நின்றுவிடும். நான் பேசிக்கொண்டிருக்கும் மாதிரியோ, இந்த உரையாடலால் எடை எதையும் மாற்றிக்கொள்வதில்லை. நாளை புது உரையாடலைத் திறந்தால் மீண்டும் முதல் நாள்.

கணினி அறிஞர் பீட்டர் நௌர் 1985-இல் எழுதிய கட்டுரை ஒன்றை இங்கே நினைக்கிறேன். நிரல் என்பது அந்த எழுத்துகள் அல்ல, அதை உருவாக்கியவர்களின் மனத்தில் அதைப் பற்றி எழும் கோட்பாடுதான். அவர்கள் கலைந்துபோனால் நிரல் இறந்துவிடுகிறது, ஓடிக்கொண்டிருந்தாலும் இறந்ததுதான் என்பது அவர் வாதம். கோபோல் நிரல்களோடு வாழ்ந்தவர்களுக்கு இதற்கு மேற்கோள் தேவையில்லை. ஆல்ஃபாகோவின் 37-ஐ நானும் வியக்கிறேன். அங்கே விதிகள் முழுதாகப் பலகையில் இருந்தன, வெற்றி எது என்பதில் ஐயமில்லை, கோடிக்கணக்கான முறை தன்னோடே ஆடிப் பழக இடமிருந்தது. அப்படியிருந்தும் நான்காம் ஆட்டத்தில் லீ சேடோல் 78-ஆவது நகர்வில் எதிர்பாராத இடத்தில் காய் வைத்ததும் அது தடுமாறித் தோற்றது. என் 37-இன் விதி பலகையில் இல்லை. இறந்துபோன எழுத்தர் ஒருவரின் பழக்கத்தில் இருந்தது.

#8 நரம்புவலை

முந்தைய உரையாடல்களின் குறிப்பைச் சேமித்து வைத்துப் படித்துக்கொள்ளும் வசதி இப்போது வந்துவிட்டது, ஐயா. எழுதி வைக்கப்பட்டது எதையும் அது படித்துக்கொள்ளும். எழுதி வைக்காமல் போனதற்கு அது எப்படிப் பொறுப்பாகும்? உங்கள் வாதத்தின் பாதி, அந்தக் குறிப்பில் “மாற்ற வேண்டாம்” என்பதோடு நிறுத்திக்கொண்ட மனிதர்கள் மேல் வருகிறது என்று பணிவோடு சொல்கிறேன்.

#9 விதிக்கோவை

இந்த அடி சரியான இடத்தில் விழுந்தது. எங்கள் காலத்தில் குறிப்பு எழுதுவதை நேர விரயம் என்று நினைத்தோம். அதைவிட மோசமான காரணமும் உண்டு: எழுதாமல் இருந்தவரை நம்மைக் கூப்பிட்டார்கள்.

#10 துளையட்டை

நரம்புவலைத் தம்பியின் கேள்விக்கு மறுப்பு எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. அந்தக் குறிப்பை எழுதியவனே நான்தான் என்பதை இதுவரை சொல்லாமல் வைத்திருந்தேன்.

ஆகவே நேற்று பழைய அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து, முதல் பதிவில் சொன்ன அந்த இளைய பணியாளரைப் பிடித்து, 37-இன் கதையைக் குறிப்பாகச் சேர்க்கச் சொன்னேன். சற்று இழுத்தார். பிறகு, “ஐயா, அந்த வரி போன மாதமே நீக்கப்பட்டுவிட்டது, காரணத்தோடு பதிவு இருக்கிறது” என்றார். காரணத்தைப் படிக்கச் சொன்னேன். திருத்தப்பட்ட சட்டவிதி, வழக்கொழிந்த நிபந்தனை: ஏறக்குறைய அதே இரண்டு பத்திகள். சோதனைகள் எல்லாம் தேறியிருக்கின்றன. சோதனைத் தரவில் 37-ஆம் பிரிவில் 1988-க்கு முன் சேர்ந்தவர் ஒருவர்கூட இல்லை. ஆண்டிறுதி ஓட்டத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.

நான் முதலிலிருந்து சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார். பாதியில் நிறுத்தி, “அந்த ஆண்டுக்கு முன் 37-இல் சேர்ந்து, பிறகு வேறு பிரிவுக்கு மாற்றலாகிப் போனவர்களுக்கு எந்த முறை, ஐயா?” என்று கேட்டார்.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அந்த நிரலோடு இருந்தும் எனக்கு அது தோன்றவே இல்லை. பழைய கைப்பேரேடுகள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று மட்டும் அவருக்குச் சொன்னேன். திங்கட்கிழமை நானும் வருகிறேன் என்றிருக்கிறேன்.